ஏழுமலையில் இல்லாத ஊதா

திருப்பதியிலிருந்து திருமலைக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரைக் கவனிப்பவர்கள் குறைவு. கீழே கிரானைட். மேலே அடுக்கடுக்காக நகரி குவார்ட்சைட். இரண்டும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் அதிகமான வரலாறு காணாமல் போயிருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்த இந்த இடம், தேசியப் புவியியல் சின்னங்களில் ஒன்று. மலை மேல் இருக்கும் இயற்கைக் கல் வளைவான சிலாதோரணமும் அப்படியே.

ஊதாப் படிகம் தேடுபவர்களை ஏங்கவைக்கும் மலை இது. செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்டும் குவார்ட்ஸ்தான். ஏழுமலையின் மேலடுக்கும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். ஆனால் இங்கே கிடைப்பது, மணல் இறுகிக் கெட்டியான பாறை. படிகம் கூராக வளர வெற்றிடம் வேண்டும். அதில் சிலிக்கா கரைந்த நீர் ஊற வேண்டும். துளி இரும்பு கலக்க வேண்டும். சுற்றுப் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட வேண்டும். அப்போதுதான் ஊதா ஏறும்.

இத்தனையும் ஒன்றுசேர்ந்த இடம் மகாராஷ்டிரம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகள், பாறை இறுகியபின் பொந்துகளாக நின்றன. ஜல்லிக்காகப் பாறை உடைக்கும்போதும் கிணறு வெட்டும்போதும் அவை திறந்துகொள்கின்றன. ஜல்காவ் பக்கத்து அமெதிஸ்ட் அப்படி வந்ததுதான். நாசிக் அருகே சின்னாரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்தில் தக்காணத்துப் படிகங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் மாணிக்கத்துக்கு இணையாக மதிக்கப்பட்ட கல் அமெதிஸ்ட். 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலும் உருகுவேயிலும் குவியல் குவியலாகக் கிடைத்ததும் விலை இறங்கிவிட்டது. அதனால் சேகரிப்பவர்கள் இன்று நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. முனை உடையாமல் இருக்கிறதா, தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஊதாவாக இருப்பதெல்லாம் அமெதிஸ்டும் அல்ல. ஃப்ளோரைட்டும் ஊதாவில் உண்டு. அமெதிஸ்டின் கடினம் 7. கண்ணாடியில் கீறினால் கோடு விழும். ஃப்ளோரைட்டின் கடினம் 4, கண்ணாடியில் கோடு விழாது. முன்னது ஆறு பட்டையோடு கூராக முடியும். பின்னது பெரும்பாலும் கனசதுரமாக இருக்கும். அமெதிஸ்டை வெயிலில் நெடுநாள் வைத்தால் வெளுக்கும். சூளையில் சுட்டால் மஞ்சளாகும். கடைகளில் விற்கும் சிட்ரின் பலவும் சுட்ட அமெதிஸ்ட்தான்.

திருமலைக்குச் சுத்தியலோடு போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திருமலையைச் சூழ்ந்த சேஷாசலம் காடு ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வனச் சட்டத்தின் கணக்கில் காட்டுக் கல்லும் கனிமமும் வனப்பொருளே. குவாரிக் கல்லை வியாபாரியிடம் வாங்குபவர்கள், ஊர், குவாரி, ஆண்டு மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டு இல்லாத கல்லுக்கு அடுத்த சேகரிப்பாளர் விலையைக் குறைத்துத்தான் பேசுவார்.