பின்சக்கரத்துக்கும் காற்று வேண்டும்

தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புத்தா பந்தயப் பாதையை, அப்பகுதியில் குடியேறி வாழும் நேயர்களுள் சிலரேனும் கண்டிருப்பர். 5 கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பாதையில், மூன்றாம் திருப்பத்துக்கும் நான்காம் திருப்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 கிலோ மீட்டர் நீளமுள்ள நேர்ச்சாலை ஒன்று உண்டு. வண்டியின் வேகம் உச்சத்தை அடைவது அங்கேதான். அவ்வேகத்தைச் சில விநாடிகளில் துறக்க வேண்டியதும் அதன் முடிவிலேதான். அவ்விடத்தில் பிரேக் மிதியை அழுத்திய கால், எதிர்ப்பு ஏதுமின்றி அடிவரை இறங்கிவிடுமாயின் ஓட்டுபவர் கதி யாது? சோழவரத்து விமானத் தளத்தில் பந்தயம் கண்டு வளர்ந்த பெரியோருக்கு இவ்வச்சம் புதிதன்று.

துறந்த வேகம் எங்கே போகிறது என்பதை முதலில் ஆராய்வோம். ஓட்டுநர் உட்பட 1,200 கிலோ எடையுள்ள வண்டி, மணிக்கு 180 கிலோ மீட்டரிலிருந்து 72 கிலோ மீட்டருக்குக் குறைகின்றது எனக் கொள்வோம். அப்போது சுமார் 12½ லட்சம் ஜூல் சக்தி உஷ்ணமாக மாறியாக வேண்டும். இதில் பத்தில் மூன்று பங்கைப் பின்சக்கரங்கள் ஏற்பின், பின்புறத்து டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் 1.9 லட்சம் ஜூல் வந்து சேரும். அந்த டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு வட்டு, 5 கிலோ எடையுடையதாயின், ஒரே அழுத்தத்தில் அதன் சூடு ஏறக்குறைய 75 டிகிரி சென்டிகிரேட் உயரும். இடையில் ஆறாமல் ஐந்து முறை அழுத்தினால் 375 டிகிரி! நடைமுறையில் சிறிது ஆறவே செய்யும். ஆயினும் எவ்வளவு ஆறுகிறது என்பதில்தான் நமது பொருளின் சூட்சுமம் அடங்கியுள்ளது.

வட்டின் எடை, ஒரு தடவைக்கு எவ்வளவு சூடேறும் என்பதைத் தீர்மானிக்கின்றது. காற்றோட்டமோ, சுற்றுக்குச் சுற்று அச்சூடு சேர்ந்துகொண்டே போகுமா, போகாதா என்பதைத் தீர்மானிக்கின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, கனத்த வட்டை வாங்கியதோடு நிறைவடைவோர் பலர்.

1953-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வண்டி வென்றபோது, அதன் டிஸ்க் பிரேக்குகளின் பெருமை உலகெங்கும் பரவிற்று. வெளிக்காற்றில் திறந்து நிற்பதால் டிஸ்க், மூடிய டிரம்மைக் காட்டிலும் விரைவில் ஆறும். இன்று பல கார்களில் முன்புறத்து டிஸ்க் உள்ளே காற்று வழியுடையதாகவும், பின்புறத்து டிஸ்க் ஒரே கட்டித் தகடாகவும் இருப்பதைக் காணலாம். இது கருமித்தனம் அன்று. பிரேக் அழுத்தும்போது வண்டியின் பளு முன்புறம் சாய்வதால், பின்புறத்துக்கு வேலை குறைவு. சாலைக்கு அது போதும். பந்தயப் பாதையிலோ, வண்டி வழுக்காதபடி காக்கும் மின்னணுச் சாதனம், ஓட்டுபவர் அறியாமலேயே பின்சக்கரப் பிரேக்கைத் திருப்பந்தோறும் தொடுவதுண்டு. அதனால் பின்வட்டு எதிர்பாராத சூட்டைப் பெறுகின்றது.

காற்று வழியுள்ள வட்டு என்பது, இரு தகடுகளை இடையிலுள்ள சிறு விலாக்களால் இணைத்தது. கிணற்றடி மின்சாரப் பம்பின் உட்சக்கரம் நீரை நடுவில் வாங்கி ஓரத்தில் வீசுவதைப் போல, இது சுழலும்போது காற்றை நடுவில் இழுத்து விளிம்பில் தள்ளுகின்றது. விலாக்கள் வளைந்தவையாயின் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என வட்டுகள் வேறுபடும். சுழற்சியின் திசைக்கு எதிராக அவை பின்சாய்ந்திருத்தல் வேண்டும். மாற்றி மாட்டினால், கொடுத்த பணத்துக்குரிய காற்று கிட்டாது. முகத்தில் துளையிட்ட வட்டுகள் பார்வைக்கு அழகியவை. ஆனால் கடுஞ்சூட்டில் துளையோரங்களில் விரிசல் காண்பது வழக்கமாதலால் அவற்றை நாம் விரும்புவதில்லை. காற்றுக் குழாய் அமைப்போர், அதன் வாயை வட்டின் முகத்துக்கு நேரே வைக்காமல் நடுப்பகுதிக்கு வைப்பாராக. ஒருபக்கம் மட்டும் குளிர்ந்த இரும்பு சமமாகச் சுருங்காது.

தடித்த வட்டுக்கு, அதனைக் கவ்வும் காலிப்பரும் அகன்றதாக வேண்டும். விட்டத்தையும் பெருக்குவோமாயின் பின்புறப் பிடிப்பு வலுக்கும். முன்சக்கரங்களுக்கு முன்னதாகப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். ஆகையால் விட்டத்தை மாற்றாமல், தடிமனையும் காற்று வழியையும் மட்டும் கூட்டுவதே பழகாதவர்க்கு உகந்தது.

இத்தனைக்கும் முன்னர், செலவு மிகக் குறைந்த காரியம் ஒன்று உண்டு. மிதி அடிவரை இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் தோன்றுவதே. புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி வரையேனும் கொதியாது நிற்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின்னர் அவ்வெல்லை 155 டிகிரியாகத் தாழக்கூடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலம் கழித்த வண்டிக்கு இது சிறு விஷயமன்று. வட்டை மாற்றுமுன் எண்ணெயை மாற்றுக.

ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெல்ல வருதல் நலம். வண்டியை நிறுத்திய பின், கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கொதிக்கும் பின்வட்டைப் பேட் கவ்விக்கொண்டே நின்றால், பேடின் பொருள் அவ்விடத்தில் படிந்து, மறுநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மிதி காலடியில் அதிர்ந்துகொண்டேயிருக்கும்.