மழையைத் துரத்தும் தட்டான், மழைக்குக் காத்திருக்கும் காளான்

ஆண்டுதோறும் அக்டோபரில் மாலத்தீவில் தட்டான்கள் லட்சக்கணக்கில் வந்திறங்குகின்றன. அங்கே ஆறு கிடையாது. முட்டையிடத் தேங்கிய நன்னீரும் மிகக் குறைவு. பிறகு எதற்காக வருகின்றன? அங்கேயே தங்கி ஆய்வு செய்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் விடை சொன்னார். இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பருவக்காற்றோடு கடல் தாண்டும் வழியில் அவை இளைப்பாறுகின்றன. போய்வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. எந்தத் தட்டானும் முழுத் தொலைவையும் பறப்பதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் பயணம் இது.

பன்டாலா ஃபிளேவசென்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். மழைக்காலத்தில் நம்மூர் மைதானங்களின் மேல் கூட்டமாக வட்டமிடும் மஞ்சள் தட்டான் பெரும்பாலும் இதுதான். பின்னிறக்கையின் அடி அகலமாக இருப்பதால் அதிகம் அடிக்காமலே காற்றில் மிதக்கும். மழைக்குட்டையில் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டுமே! பல தட்டான் இனங்களின் இளம்பூச்சிகள் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கில் நீருக்குள் வளர, இது ஆறேழு வாரங்களில் இறக்கை முளைத்து அடுத்த மழையைத் தேடிக் கிளம்பிவிடும்.

அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படும் இத்தட்டானைப் போலவே, மரத்தை மட்கவைக்கும் ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்ற காளானும் உலகெங்கும் பரவியிருக்கிறது. மழையில்லாமல் இதற்கும் வாழ்வில்லை. ஆனால் இது மழையைத் தேடிப் போவதில்லை. பட்ட கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

மேலே வெண்சாம்பல் ரோமம் படர்ந்த, விரல்நகம் அளவு விசிறி. அதைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அடிப்புற மடல் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயில் ஏறினால் இரு பாதிகளும் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். நனைந்தால் சில மணி நேரத்தில் விரிந்து மீண்டும் ஸ்போர் உதிர்க்கும். கனடாவில் பணியாற்றிய ரெஜினால்ட் புல்லர் 1911-இல் காற்றகற்றிய குழாயில் உலர்ந்த காளான்களை அடைத்துவைத்தார். 50 ஆண்டுகள் கழித்து நனைத்தபோதும் அவை விரிந்தன. தட்டானின் கடல் பயணத்தைவிட எனக்கு இதுவே பெரிய வியப்பு.

இந்தக் காளானும் பயணிக்கிறது, ஸ்போராக. காற்று அதை எங்கோ தனியாக இறக்கிவிட்டால் துணைக்கு எங்கே போவது? ஆண், பெண் என இரண்டே வகைகளாகப் பிரியாமல், இதற்கு 20,000-க்கும் மேற்பட்ட இணைவகைகள் உண்டு. ஆகவே வேறு எங்கிருந்தோ வந்து அதே கட்டையில் முளைக்கும் எந்த இழையும் கிட்டத்தட்ட நிச்சயமாக இணையத் தகுந்ததாகவே இருக்கும்.