மூன்று தடவை வந்த மெக் ரயன்

கிராஃப் டேட்டாபேஸ் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது, நியோ4ஜே-வில் பழகிப் பார்க்கக் கிடைக்கும் சினிமா டேட்டாவைத்தான். நடிகர் ஒரு நோடு, படம் ஒரு நோடு, 'நடித்தார்' என்பது இரண்டையும் இணைக்கும் கோடு. சின்ன டேட்டாதான், ஆனா எண்ணிக்கைச் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

டாம் ஹாங்க்ஸ் எத்தனை பேரோடு நடித்திருக்கிறார்? சைஃபர் மொழியில் எழுதுவது சுலபம்: அவரிடமிருந்து படத்துக்குப் போ, அங்கிருந்து அதில் நடித்த இன்னொருவருக்குப் போ, வருகிறவர்களை 'கவுன்ட்' போடு. எரர் இல்லாமல் ஒரு எண் வரும். ஆனா அது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. மெக் ரயன் அதில் மூன்று தடவை இருக்கிறார். 'ஜோ வெர்சஸ் த வால்கேனோ' (1990), 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' (1993), 'யூ ஹாவ் காட் மெயில்' (1998) என மூன்று படம் வழியாகவும் அவரிடம் போய்ச் சேரலாமே! 'மேட்ச்' தேடுவது பாதைகளை, நாம் கேட்டது ஆட்களை. கவுன்ட்டுக்குள் 'டிஸ்டிங்க்ட்' சேர்த்தால் ஆளுக்கு ஒன்றுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. டாம் ஹாங்க்ஸே தன் சக நடிகராக இதில் வரமாட்டார். ஒரே மேட்ச்சுக்குள் ஒரு கோட்டை இரண்டு முறை கடக்க சைஃபர் விடாது, அதனால் வந்த வழியே திரும்ப முடியாது. அதையே இரண்டு மேட்ச்சாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். தடை போய்விடும், அவரும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

பூஜ்ஜியத்துக்கும் கவனம் வேணும். படமே இயக்காதவருக்கு 0 காட்ட 'ஆப்ஷனல் மேட்ச்' தேவை, வெறும் மேட்ச் என்றால் அவர் காணாமலே போய்விடுவார். அதிலும் நட்சத்திரக் குறி போட்டு எண்ணினால் 1 வரும், அது எண்ணுவது வரிசையை. படத்துக்கு வைத்த பெயரைக் கொடுத்து எண்ணினால்தான் 0.

சினிமாவில் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2016-ல் வெளியான பனாமா ஆவணங்களை ஐ.சி.ஐ.ஜே. பத்திரிகையாளர்கள் அலசியதும் நியோ4ஜே துணையோடுதான். அங்கே நோடுகள் நிறுவனங்கள், ஆட்கள், முகவரிகள். ஒருவர் ஒரே நிறுவனத்தில் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்தால் இரண்டு கோடு. டிஸ்டிங்க்ட் இல்லாத வினவல் அவர் தலையில் இரண்டு நிறுவனத்தைக் கட்டிவிடும். முகவரி வழியாகத் தாண்டினால் இன்னும் மோசம்: ஒரே ஏஜென்ட் அலுவலகத்தின் முகவரியைப் பல நிறுவனங்கள் கொடுத்திருந்தால், சம்பந்தமே இல்லாதவர்களும் 'தொடர்புடையவர்' ஆகிவிடுவார்கள். இங்கே டிஸ்டிங்க்ட்டும் காப்பாற்றாது. எந்த வகைக் கோடு, எத்தனை படி வரை என்று வினவலிலேயே வரம்பு போட்டாகணும்.

நான் எண் வந்ததும் கவுன்ட்டை எடுத்துவிட்டு, பெயர்களையும் அவற்றை அடைந்த பாதைகளையும் ஒரு இருபது வரி வாங்கிக் கண்ணால் படித்துவிடுவேன்.