கல்லறையும் பாமாலையும்

இறந்தோரைக் கல்லில் நிறுத்தி நினைவுகூர்தல் தமிழரின் தொன்மையான மரபு. கல்லைக் காணுதல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. சவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் மாண்ட காரணம் ஆகியவற்றை அவை சில சொற்களில் உணர்த்துகின்றன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிப் போற்றுகிறது.

பிற்காலத்தில் கடல் கடந்து வந்து இம்மண்ணில் மறைந்தோரின் கல்லறைகளும் வரலாற்றுச் சான்றுகளாயின. திருச்சிராப்பள்ளித் தூய யோவான் ஆலயத்தில் அமைந்த ரெஜினால்டு ஹீபரின் கல்லறை அத்தகையது. அவர் ஆங்கிலத்தில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றிய பாவலர்.

ஹீபர் 1783ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். ஹாட்னட் என்னும் சிற்றூரில் குருவாகப் பணியாற்றியபோது, ஆண்டின் வழிபாட்டு நாள்களுக்கு ஏற்பப் பாடல்களை இயற்றித் தொகுத்தார். திருப்பாடல்களைச் செய்யுளாக்கிப் பாடுவதே அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் பெருவழக்கு. தம் தொகுப்புக்குத் திருச்சபையின் ஒப்புதலை அவர் நாடினார், அது கிட்டவில்லை.

1823இல் கல்கத்தாவின் பேராயராகப் பொறுப்பேற்ற அவர், நாட்டின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்தார். 1826இல் தஞ்சையில் உயிர்ப்புப் பெருவிழா வழிபாட்டை நடத்தித் தமிழில் ஆசி மொழிந்தார். இரண்டாம் சரபோஜி மன்னரையும் சந்தித்தார். ஏப்ரல் 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடைந்தார். 3ஆம் நாள் காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கித் திரும்பியவர், நீராடச் சென்ற குளத்திலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 42.

அவருக்கு இலண்டன், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் பேராலயங்களில் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி நினைவுச் சிற்பங்கள் வடித்தார். திருச்சிராப்பள்ளியில் மூன்று நாள்களே தங்கிய அவருடைய பெயரை அந்நகரின் பள்ளியும் கல்லூரியும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

வாழ்நாளில் ஒப்புதல் பெறாத அவருடைய தொகுப்பு, மறைவுக்குப் பின் 1827இல் நூலாக வெளிவந்தது. இறைவனின் தூய்மையை மும்முறை விளித்துப் போற்றும் அவருடைய பாடலுக்கு ஜான் டைக்ஸ் 1861இல் இசையமைத்தார். அப்பாடல் தமிழாக்கம் பெற்றுப் பாமாலை நூலிலும் இடம்பெற்றது.

ஒருவர் எங்கே, எப்போது மறைந்தார் என்பதைக் கல் காத்து வைக்கிறது. எதற்காக நினைக்கப்படுகிறார் என்பதை அவருடைய செயலே காத்து வைக்கிறது. எடுத்தனூர் வீரனுக்கு இரண்டும் ஒரே கல்லில் அமைந்தன. ஹீபருக்கோ முன்னது திருச்சிராப்பள்ளிக் கல்லறையிலும், பின்னது தமிழகத் திருச்சபைகளில் ஒலிக்கும் பாட்டிலும் நிலைபெற்றுள்ளன.