கிளிப்பைச் சுருக்கினா ஓட்டை விழுது, ஏன்?

எடிட்டிங் ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் நாளே முட்டிக்கிற இடம் இது. ஒரு ஷாட் நீளமா இருக்கு, ஓரத்தைப் பிடிச்சு இழுத்துச் சுருக்கறீங்க. சுருங்கிடுது. ஆனா பக்கத்துல கறுப்பா ஒரு ஓட்டை.

தியேட்டர்ல ஒருத்தர் எழுந்து போனா சீட் காலியாவே இருக்கும். ரேஷன் கடை க்யூல ஒருத்தர் விலகினா பின்னாடி நிக்கறவங்க எல்லாம் ஒரு அடி முன்னாடி வருவாங்க. சாதாரண டிரிம் முதல் வகை, ரிப்பிள் டிரிம் ரெண்டாவது வகை. நான் பயன்படுத்துற பிரீமியர் ப்ரோவுல 'பி' கீயை அழுத்திட்டு ஓரத்தை இழுங்க, க்யூ தானா நகரும். இன்னும் வேகமா வேணுமா? பிளேஹெட்டைக் கிளிப்புக்குள்ள நிறுத்தி 'கியூ' அழுத்தினா அதுக்கு முன்னாடி இருக்கிற பகுதி போயிடும், 'டபிள்யூ' அழுத்தினா பின்னாடி இருக்கறது போயிடும். இந்த ரெண்டு கீயும் பழகிட்டா மவுஸைத் தொடவே தோணாது.

ஆனா ரிப்பிள்ல ஒரு சிக்கல் இருக்கு. படம் நகரும்போது, லாக் பண்ணி வச்ச மியூசிக் டிராக் நகராது. பீட்டுக்குப் பீட் வச்ச கட் எல்லாம் தள்ளிப் போயிடும். அங்கே 'என்' கீ, அதாவது ரோலிங் எடிட். ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கிற சுவரைத் தள்ளி வைக்கிற மாதிரிதான்: ஒரு ஷாட் குறையும், அடுத்தது அதே அளவு கூடும், மொத்த நீளம் மாறாது. நீளமும் இடமும் சரி, உள்ளே தெரியற நொடி மட்டும் தப்புன்னா 'ஒய்', ஸ்லிப்.

போட்டோக்களுக்கு வேற வழி. உள்ளே போட்டதும் ஒவ்வொண்ணும் 5 நொடி வரும், பிரிஃபரன்ஸ்ல மாத்தலாம். ஆனா ஏற்கெனவே டைம்லைன்ல இருக்கறது அதனால மாறாது. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, கன்ட்ரோல் ஆர் அழுத்தி, புது நேரத்தைப் போட்டு, ரிப்பிள் டிக்கையும் போடுங்க. இதையே வீடியோ கிளிப்புக்குச் செஞ்சா ஆள் ஓட ஆரம்பிச்சிடுவார்! அங்கே நேரமும் வேகமும் ஒரு சங்கிலியால கட்டியிருக்கும், அதை முதல்ல கழட்டணும்.

சரி, ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிக்கணும்? 'அபோகலிப்ஸ் நவ்' படத்துல வேலை பார்த்த எடிட்டர் வால்டர் மர்ச், நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல் சொல்லி, உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4. எண்கள் விளையாட்டாத் தோணலாம், ஆனா வரிசை சரின்னு நான் நினைக்கிறேன்.

ஒரு பேட்டி எடுக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. "வேலையை விட்டதுக்கு வருத்தமா இருக்கா?" அவங்க ரெண்டு நொடி பேசல. அப்புறம் "இல்ல"ன்னு சொல்றாங்க. 24 ஃபிரேம் கணக்குல அது 48 ஃபிரேம் மௌனம். வீடியோ நீளமா இருக்குன்னு ஒரு 'கியூ' அழுத்தினா, தயக்கத்தோட வந்த அந்த "இல்ல" பட்டுன்னு தெறிச்ச பதிலா மாறிடும். ஒரு வார்த்தைகூட நீங்க மாத்தல, ஆனா அவங்க சொன்னது மாறிடுச்சு. ரீல்ஸுக்காகச் சுருக்கும்போது இது தினமும் நடக்குது. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யறதில்ல, மௌனம் டைம்லைன்ல தட்டையான கோடா, வேஸ்ட் மாதிரி தெரியறதுதான் காரணம்.

நேரம் குறைக்கணும்னா நீங்க கேள்வி கேட்கிற பகுதியைச் சுருக்குங்க. பெரும்பாலும் நம்ம கேள்விதான் ரொம்ப நீளமா இருக்கும்.