வங்கியில் போட்ட பணம் யாருடையது?

வியாபாரிகளாகிய நாம் வங்கிக்குள் நுழைந்தாலே கடன் கேட்க வந்தவர்போல் ஒதுங்கி நிற்கிறோம். ஆனால் நடப்புக் கணக்கில் நம் பணம் இருக்கும்வரை கடன் கொடுத்தவர் நாம், கடனாளி வங்கி. சட்டம் சொல்லும் உறவு இதுதான். நாம் கட்டிய பணத்தை வங்கி தன் பணமாகப் புழங்கலாம். நாம் உத்தரவு கொடுத்தால் திருப்பித் தரவேண்டும். அந்த உத்தரவுதான் செக்.

நம் கையெழுத்தை வேறொருவன் போட்டுப் பணம் வாங்கிவிட்டால்? நாம் உத்தரவே கொடுக்கவில்லை. ஆகவே போனது வங்கியின் பணம். நம் கணக்கில் பற்று எழுத அதற்கு உரிமை இல்லை.

மங்களூரில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் கணக்கர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 செக்குகளில் சுமார் 3.26 லட்சம் ரூபாய் எடுத்துவிட்டார். 1961இல்தான் குட்டு வெளிப்பட்டது. பாஸ்புத்தகம் அவ்வப்போது கொடுத்தோமே, கணக்கு சரியென்று கம்பெனியே ஒப்புக்கொண்டதே என்பது கனரா வங்கியின் வாதம். 1987இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துள்ள செக் உத்தரவே ஆகாது, பாஸ்புத்தகத்தைச் சரிபார்க்காததால் மட்டும் வாடிக்கையாளர் உரிமையை இழப்பதில்லை என்று தீர்ப்பாயிற்று.

கையெழுத்து நம்முடையதாகவே இருந்தால் கதை வேறு. விருதுநகருக்குச் சரக்கெடுக்கப் போகும் நாட்களில், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு இரண்டு செக்கை விளாங்குடிக் கடையில் விட்டுச் செல்வது நமது பழக்கமாயிருந்தது. கணக்குப் பார்த்த பையன் ஒன்றில் 18,000 என்று நிரப்பிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். வங்கியில் போய்ச் சத்தம் போட்டோம். மேலாளர் செக்கை எடுத்துக் காட்டினார். வாயடைத்துத் திரும்பினோம்.

இன்னொன்று, போலி என்று தெரிந்தபின் மூடி மறைப்பது. சொந்தக்காரப் பையன், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று நம்மவர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர், மனைவி தம் கையெழுத்தைப் போட்டது தெரிந்தும் வங்கியிடம் சொல்லாமல் இருந்தார். அவள் இறந்தபின் வழக்குப் போட்டார். 1932இல் பிரபுக்கள் சபை அவருக்குப் பணம் கிடையாது என்றுவிட்டது. ஆகவே தெரிந்த அன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று செக்கைவிடக் கைப்பேசியில்தான் பணம் அதிகம் போகிறது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ரகசிய எண்ணை நாமே எவனுக்காவது சொல்லியிருந்தால், அதுவும் தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் மாதிரிதான்.