பொன்னிறக் கண்ணும் கறுப்பு மையும்

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005-இல் வந்த நாவல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓயாத மழைக்குப் பேர்போன ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வரும் பெல்லா, பள்ளியில் எட்வர்ட் என்னும் ரத்தக்காட்டேரியிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். ஏறக்குறைய ஐந்நூறு பக்கம். இதைக் கொரிய ஓவியர் யங் கிம், ஜப்பானியப் படக்கதையான மாங்காவின் பாணியில் வரைந்தார். யென் பிரஸ் முதல் பாகத்தை 2010-இலும் இரண்டாம் பாகத்தை 2011-இலும் கொண்டுவந்தது. முதல் பாகத்தின் முதல் அச்சே 3,50,000 பிரதிகள்.

வரைவதற்குக் கோரைப்பல்லும் ரத்தமும்தான் சவால் என்று தோன்றும். அதெல்லாம் சுலபம். நாவல் முழுக்கப் பெல்லாவின் குரலில் நடக்கிறது என்பதுதான் சிக்கல். வாசிக்கும்போது நாம் அவள் கண்ணுக்குள் இருந்து எட்வர்டைப் பார்க்கிறோம். வரைந்துவிட்டால் அவளும் நம் எதிரே வந்து நிற்கிறாள். மனதுக்குள் அவள் பேசுவதை எங்கே வைப்பது?

ஜப்பானில் சிறுமியருக்கான ஷோஜோ மாங்கா இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. மன ஓட்டத்தைப் பேச்சுக் குமிழிக்குள் அடைப்பதில்லை. முகத்துக்கு அருகே வெற்றிடத்தில் மிதக்க விடுவார்கள். கட்டத்தின் கோடு அழியும், ஒரு கட்டம் இன்னொன்றின் மேல் சரியும், பின்னணியில் வகுப்பறை மறைந்து பூவோ ஒளியோ வரும். ரத்தக்காட்டேரியும் அங்கே புது விருந்தாளி இல்லை: வயதே ஏறாத எட்கர் என்ற சிறுவனை வைத்து மோட்டோ ஹாகியோ 'போ குலம்' தொடரை 1972-லேயே தொடங்கிவிட்டார்.

இந்த முறை எங்கே உதவும் என்பதற்கு உயிரியல் வகுப்புக் காட்சி நல்ல உதாரணம். பெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எட்வர்ட் விறைத்துப்போகிறான். நாவலுக்கு அங்கே பத்தி பத்தியாக விவரிப்பு தேவை. படத்துக்கு இறுகிய முஷ்டி, ஓரக்கண், நடுவே விழும் கூந்தல் போதும். அவன் எவ்வளவு அழகன் என்று மேயர் திரும்பத் திரும்பச் சொல்வதும் (கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார்) ஒரே படத்தில் முடிந்துபோகிறது. நாவலைவிடப் படக்கதை லாபம் பார்ப்பது இங்கேதான்.

நஷ்டம் நிறத்தில். பசித்தால் எட்வர்டின் கண் கறுக்கும், வேட்டையாடி வந்தால் பொன்னிறமாகும். இது வெறும் அலங்காரம் இல்லை, அவன் யார் என்பதற்குப் பெல்லாவுக்குக் கிடைக்கும் துப்பு. மாங்காவோ பெரும்பாலும் கறுப்பு மையும், ஸ்க்ரீன்டோன் என்னும் புள்ளித் தாள் தரும் சாம்பல் நிறமும் மட்டுமே. சாம்பலில் பொன்னைக் காட்ட முடியாது. வெயில் பட்டால் மின்னும் அவன் தோலுக்கும் அதே கதிதான். கறுப்பு-வெள்ளையான இந்தப் புத்தகத்தில் அங்கங்கே மட்டும் வண்ணம் தலைகாட்டுவதை இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2008-இலேயே நாவல் திரைப்படமாக வந்துவிட்டதால், அதில் நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட், ராபர்ட் பேட்டின்சன் முகங்கள் வாசகர் மனதில் பதிந்திருந்தன. கிம் அவற்றை அப்படியே நகலெடுக்கவில்லை. வரையும்போது மேயரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. பக்கங்கள் ஜப்பானிய வழக்கப்படி வலமிருந்து ஓடாமல் இடமிருந்தே ஓடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதிய கதைக்கு அதுதான் இயல்பு. என் குறை எழுத்துகள்மீதுதான். மென்மையான ஓவியத்தின்மேல் கணினி அச்செழுத்தை ஒட்டவைத்ததுபோல் குமிழிகள் உறுத்துகின்றன.